சிரிப்பும் உழைப்பும்: 'த ஒபிஸ்' தொலைக்காட்சித் தொடர் பற்றிய நினைவு நூல்கள் – ஒரு மதிப்பீடு

தொழில் நடைபெறும் இடத்தை நகைச்சுவையின் களமாகக் கொள்வது தொலைக்காட்சிக்குப் புதியதன்று. அலுவலகம், வைத்தியசாலை, பொலிஸ் நிலையம், பாடசாலை என மனிதர் கூடி உழைக்கும் இடங்கள் பலவும் ஏதோ ஒரு தொடரிலே சிரிப்புக்கு இடமளித்துள்ளன. ஆயின் அத்தகைய தொடரும் ஓர் உழைப்பிடத்திலேதான் உருவாகின்றது. அங்கும் முதலாளி உண்டு, மேற்பார்வையாளர் உண்டு, ஒப்பந்தமும் சம்பளமும் நேரக் கணக்கும் உண்டு. பார்வையாளர் காணாத இந்த இரண்டாவது அலுவலகம், தொடரிற் பங்குகொண்டோர் பிற்காலத்தில் எழுதும் நினைவுகளிலேதான் முதன்முதலாகக் கண்ணுக்குப் புலப்படுகின்றது.

ஐக்கிய அமெரிக்காவின் என்.பி.சி. நிறுவனம் 2005 மார்ச் 24 முதல் 2013 மே 16 வரை ஒன்பது பருவங்களாக ஒளிபரப்பிய 'த ஒபிஸ்' இத்தகைய நினைவுகளை மிகுதியாகப் பெற்ற தொடராகும். அதன் எழுத்தாளரும் நடிகையுமான மின்டி கேலிங்கின் கட்டுரை நூல் 2011இலும், நடிகர் றெயின் வில்சனின் தன்வரலாறு 2015இலும் வெளிவந்தன. நடிகையரான ஜெனா பிஷரும் ஏஞ்சலா கின்சியும் தொடரை அங்கம் அங்கமாக நினைவுகூரும் இணையவழி ஒலித்தொடரொன்றை 2019 ஒக்ரோபரில் ஆரம்பித்தனர். பத்திரிகையாளர் அன்டி கிறீன் தொகுத்த வாய்மொழி வரலாறு 2020இலும், நடிகர் பிறையன் போம்கார்ட்னரும் தயாரிப்பாளர் பென் சில்வர்மனும் இணைந்து எழுதிய நூல் 2021இலும், பிஷர், கின்சி இருவரின் நூல் 2022இலும் வெளியாயின.

இவற்றைப் பொழுதுபோக்குத் துணுக்குகளின் தொகுதிகள் என்று ஒதுக்கிவிடுவது எளிது. அவ்வாறு ஒதுக்குவது இழப்பாகும். தாம் யாவரும் ஒரே குடும்பமாக வாழ்ந்தனர் என்று இந்நினைவுகளுக்கு உரியோர் திரும்பத் திரும்பச் சொல்கின்றனர். அவ்வுணர்வு பொய்யென்று கொள்ளக் காரணமில்லை. ஆனால் அந்தக் குடும்பம் எத்தகைய உழைப்பு நிலைமைகளிலிருந்து உருவாயிற்று, எந்தக் கட்டத்திலே அது செல்லுபடியாகாது போயிற்று என்ற வினாக்களுக்கும் இதே நினைவுகளிலே விடை கிடைக்கின்றது. நினைவுகூருவோர் அன்பைப் பற்றிப் பேச முனைந்து உழைப்பைப் பற்றியும் சாட்சி சொல்லியுள்ளனர். அச்சாட்சியத்தை வாசிக்க முற்படுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. மூலமும் வழியும்

அமெரிக்கத் தொடருக்கு மூலம் பிரித்தானியத் தொடரொன்றாகும். றிக்கி ஜேர்வைஸ், ஸ்டீபன் மேர்ச்சன்ற் ஆகிய இருவரும் எழுதி நெறிப்படுத்திய அது, 2001 ஜூலை 9இல் பி.பி.சி.யின் இரண்டாவது அலைவரிசையிலே தொடங்கி, பன்னிரண்டு அங்கங்களோடும் 2003 நத்தார்க் காலத்தில் ஒளிபரப்பான இரு சிறப்பு அங்கங்களோடும் நிறைவெய்தியது. இலண்டனுக்கு மேற்கேயுள்ள ஸ்லௌ நகரத்துக் கடதாசி விற்பனை நிறுவனமொன்றின் கிளை அலுவலகம் அதன் களம். ஆவணப்படக் குழுவொன்று அங்கு வந்து படம்பிடிப்பதான பாவனையே அதன் வடிவம். முன்னரே பதிவுசெய்த சிரிப்பொலி அதில் இல்லை. எங்கே சிரிப்பது, எங்கே கூசுவது என்பதைப் பார்வையாளரே தீர்மானிக்க வேண்டியிருந்தது. ஜேர்வைஸ் இலண்டன் பல்கலைக்கழக மாணவர் ஒன்றிய அலுவலகத்திலே பல ஆண்டுகள் வேலை பார்த்தவர் என்பது இவ்விடத்தில் மனங்கொள்ளத்தக்கது. தொடரின் ஊற்றே ஓர் அலுவலக ஊழியரின் நினைவுதான்.

ஆட்குறைப்பு அச்சம் பிரித்தானியத் தொடரின் முதல் அங்கத்திலேயே தலைகாட்டுகின்றது. இரு கிளைகளுள் ஒன்று மூடப்படும் என்ற செய்தியுடன் கதை தொடங்குகின்றது. முகாமையாளர் டேவிட் பிறென்ற் ஈற்றிலே தாமே வேலையிழக்கின்றார். சில்வர்மன் இத்தொடரின் அமெரிக்க உரிமையைப் பெற்று முயற்சியைத் தொடக்கி வைக்க, கிரெக் டானியல்ஸ் அதனைப் பென்சில்வேனியா மாநிலத்தின் ஸ்கிரான்ரன் நகருக்குப் பெயர்த்தார். முதல் அங்கம் மூலப் பிரதியைப் பெரும்பாலும் அடியொற்றியே அமைந்தது. அதனை ஒரு கோடிக்கும் அதிகமானோர் பார்த்தனர். அடுத்த வாரம் அத்தொகை ஏறத்தாழப் பாதியாயிற்று. முதற் பருவம் ஆறு அங்கங்களோடு முடிவுற்றது. மூலத்தின் மதிப்பு நடிகர்களையே அச்சுறுத்தியது என்பதற்குப் பலரும் எடுத்துரைக்கும் நிகழ்ச்சியொன்று உண்டு. நடிகர் தெரிவுக்கு வந்து காத்திருந்த ஜோன் கிறசின்ஸ்கி, அமெரிக்கர் நல்லவற்றை எடுத்துக் கெடுத்துவிடுவது வழக்கமென்றும் இத்தொடரைப் பற்றித் தமக்கு அச்சமாயிருக்கின்றதென்றும் அருகிலிருந்தவரிடம் சொன்னார். அருகிலிருந்தவர் டானியல்ஸ்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலிலே நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன்களைக் கூறுவர். இரு தொடர்களுக்குமிடையே நேர்ந்த மாற்றத்தை விளக்க இப்பாகுபாடு உதவுகின்றது. பிரித்தானியத் தொடரின் நகை பெரிதும் எள்ளலின்பாற்பட்டது. பிறென்றின் தற்பெருமை அம்பலமாகும்போது பார்வையாளர் அவருக்கு எதிர்ப்பக்கத்திலே நிற்கின்றனர். அமெரிக்கத் தொடரின் முதற் பருவமும் அவ்வாறே எள்ளலை நம்பிற்று. இரண்டாம் பருவத்திலிருந்து முகாமையாளர் மைக்கல் ஸ்கொற் பேதைமையின் உருவாகின்றார். ஊழியர் தம்மை நேசிக்க வேண்டும் என்ற ஏக்கமே அவருடைய தவறுகளுக்கெல்லாம் வேராகக் காட்டப்படுகின்றது. பிறர் கற்பித்ததை ஏற்று, ஏற்றதை விடாதிருத்தலை உரைகாரர் மடன் என்பர். நிறுவனத்தின் விதிகளை வேதமாகக் கொண்டொழுகும் டுவைற் ஷ்ரூற்றுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் வேறு கிடைத்தல் அரிது.

இம்மாற்றத்தை இரக்கவுணர்வின் வெற்றியாகவே நினைவு நூல்கள் சித்திரிக்கின்றன. அதிலே உண்மை உண்டு. எனினும் உற்பத்தி நிலைமையையும் நோக்க வேண்டும். பிரித்தானியத் தொடர் பதினான்கு அங்கங்களோடு அமைந்தது. அமெரிக்கத் தொலைக்காட்சி வணிகம் ஒரு பருவத்துக்கு இருபதுக்கு மேற்பட்ட அங்கங்களை எதிர்பார்ப்பது. 'த ஒபிஸ்' முடிவிலே 201 அங்கங்களை எட்டியது. வெறுக்கத்தக்க முதலாளி ஒருவரைப் பதினான்கு அங்கங்களுக்குத் தாங்கலாம். ஆண்டுக்கணக்காக வாரந்தோறும் வீட்டுக்குள் அழைக்க முடியாது. அவர் நேசிக்கப்படுபவராக வேண்டியது கலையின் தேவையாக இருந்த அளவுக்கு வணிகத்தின் தேவையாகவும் இருந்தது. இரண்டாம் பருவத்துக்கான அனுமதியும் ஒரே முறையிலே கிடைக்கவில்லை. சிறு சிறு தொகுதிகளாகவே கிடைத்தது. மைக்கலாக நடித்த ஸ்டீவ் கரெலின் திரைப்படமொன்று 2005 ஓகஸ்டிலே பெருவெற்றி பெற்றமையும், அவ்வாண்டு டிசெம்பரில் அங்கங்கள் இணையவழி விற்பனைக்கு வந்து இளைஞரிடையே பரவியமையும் தொடரைக் காப்பாற்றின. ஆட்குறைப்பை அஞ்சும் அலுவலகத்தைப் பற்றிய கதையைச் செய்தவர்கள், அடுத்த மாதம் வேலை உண்டா என்பதை அறியாதவர்களாகவே அதனைச் செய்தனர். அச்சத்தின் சாயல் அக்கால அங்கங்களிலே மெய்யாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

2. பொய் அலுவலகத்தில் மெய் வேலை

நினைவுகளிலே பெறுமதி மிக்க பகுதி, அன்றாட வேலை எவ்வாறு நடந்தது என்பதைக் கூறும் பகுதியாகும். முதற் பருவத்தின் பெரும்பகுதி உண்மையான அலுவலகக் கட்டடமொன்றிலே படமாக்கப்பட்டது. இரண்டாம் பருவம் முதல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் வான் நைஸ் பகுதியிலுள்ள கலையகத்தில் அந்த அலுவலகம் மீண்டும் கட்டியெழுப்பப்பட்டது. முதல் அங்கத்தை நெறிப்படுத்திய கென் குவாப்பிஸ், படப்பிடிப்புக்கு முன் ஏறத்தாழ அரைமணி நேரம் நடிகர் அனைவரையும் தத்தம் மேசைகளில் அமர்த்தி அலுவலக வேலை செய்யப் பணித்தார். உரையாடல் இல்லை, கதையும் இல்லை. தாள்களை அடுக்குவதும் தொலைபேசியை எடுப்பதுமாக அவர்கள் இருக்க, ஒளிப்பதிவாளர் சுற்றி வந்து படம்பிடித்தனர். ஒளிப்பதிவாளருள் முதன்மையான றண்டல் ஐன்ஹோர்ன், 'சேர்வைவர்' என்னும் மெய்நிகழ்ச்சித் தொடரிலே பணியாற்றியவர். ஒழுங்குபடுத்தப்படாத நிகழ்வொன்றைத் துரத்திச் சென்று பிடிக்கும் பயிற்சி அவருக்கு ஏலவே இருந்தது. திரைச்சீலையின் இடுக்கினூடாகவும் கண்ணாடிக் கதவுக்கு வெளியேயிருந்தும் படக்கருவி எட்டிப் பார்க்கும் முறை இவ்வாறே தொடரின் மொழியாயிற்று.

ஆவணப்பட வடிவம் நடிகர்கள்மீது சுமத்திய கடமையொன்று உண்டு. படக்கருவி எந்தத் திசையிலே திரும்பினாலும் அங்கே ஊழியர் இருக்க வேண்டும். ஆதலால் ஒரு சொல்லும் பேசாத காட்சியிலும் நடிகர் தம் மேசையிலே மணிக்கணக்காக அமர்ந்திருந்தனர். மேசைக் கணினிகள் இணையத்துடன் இணைக்கப்பட்டிருந்தமையால், பின்னணியில் இருந்தோர் மின்னஞ்சல் எழுதினர், வீட்டுக் கட்டணங்களைச் செலுத்தினர், பொருள்கள் வாங்கினர். அலுவலக ஊழியராக நடித்தவர்கள், வேலை நேரத்திலே சொந்த அலுவல் பார்க்கும் அலுவலக ஊழியராகவே மாறிவிட்டனர். சலிப்பும் அருகிலிருப்பவரோடு ஏற்படும் நெருக்கமும் அங்கே நடிக்கப்படவில்லை. பிஷருக்கும் கின்சிக்கும் இடையே வளர்ந்த நட்பு இந்த நீண்ட இருப்பின் விளைவு. குடும்பம் என்று பின்னர் பெயரிடப்பட்டது முதலிலே ஒரு வேலைநேர அட்டவணையாக இருந்தது.

நடிகர் தெரிவிலும் இதுபோன்ற செய்தியுண்டு. தெரிவுக்குப் பொறுப்பாயிருந்த அலிசன் ஜோன்ஸ், பாம் என்னும் வரவேற்பாளர் பாத்திரத்துக்கு வந்த பிஷரிடம், தம்மைச் சலிப்படையச் செய்யும் துணிவு வேண்டும் என்று அறிவுறுத்தினார். அழகாகத் தோன்றவும் வேடிக்கை காட்டவும் முயலாதிருப்பதே அங்கு திறமையாகக் கருதப்பட்டது. பிலிஸ் ஸ்மித் நடிக்க வந்தவரே அல்லர். ஜோன்ஸின் உதவியாளராக இருந்து, தெரிவுக்கு வந்தோருக்கு எதிர்வசனம் வாசித்தவர் அவர். அவர் வாசித்த முறையைக் கண்டு அவரையே ஊழியருள் ஒருவராக்கினர்.

எழுத்தாளரும் நடிகரும் ஒருவராக இருந்தமை இத்தொடரின் மற்றொரு சிறப்பு. கேலிங், பி.ஜே. நொவக், போல் லீபர்ஸ்டீன் மூவரும் எழுத்தாளர் அறையிலிருந்து வந்து முறையே கெலி, றயன், ரொபி என்னும் பாத்திரங்களை ஏற்றனர். ஆனால் எழுதுகின்றவர் நாள் முழுவதும் பின்னணியிலே அமர்ந்திருக்க இயலாது. அதனால் அவர்களது மேசைகள் பிரதான மண்டபத்திலிருந்து விலக்கப்பட்டுப் பின்பக்க அறையொன்றிலே போடப்பட்டன. கெலி ஓயாது பேசுவதும், வேறு போக்கிடம் இல்லாது றயன் அவளிடம் அகப்பட்டுக்கொள்வதும், ரொபி ஒதுக்கப்பட்ட மனிதராகத் தோன்றுவதும் அந்த அறையின் அமைப்போடு ஒட்டிக் கிடக்கும் பண்புகள். எழுத்தாளரின் வேலைநேரம் கதையின் இடத்தைத் தீர்மானித்தது. இடம் பாத்திரத்தை வளர்த்தது. ஒரு படைப்பின் உள்ளமைப்பை அது செய்யப்பட்ட முறையிலிருந்து பிரித்து நோக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேவையில்லை.

3. குடும்பமும் வேலைநிறுத்தமும்

2006 பெப்ருவரி 2இல் ஒளிபரப்பான, நொவக் எழுதிய அங்கமொன்று இவ்வாய்வுக்கு மிக முக்கியமானது. மைக்கல் கீழ்த்தளத்துக் களஞ்சியத்துக்குச் சென்று, மேலே வேலை செய்வோரும் கீழே வேலை செய்வோரும் வேறல்லர் என்று பேசுகின்றார். களஞ்சியத் தொழிலாளர் தொழிற்சங்கம் அமைப்பதைப் பற்றிப் பேசத் தொடங்குகின்றனர். மைக்கல் திகைத்து நிற்க, தலைமை அலுவலக அதிகாரி ஜான் இறங்கி வந்து, சங்கம் அமைத்தால் கிளையே மூடப்படும் என்று எச்சரிக்கின்றார். பேச்சு அத்துடன் அடங்குகின்றது. அங்கத்தின் கூர்மை, மைக்கலின் அன்பு எவ்வளவு உண்மையானதோ அவ்வளவு பயனற்றது என்று காட்டுவதிலே உள்ளது. ஆனால் தொடர் அவ்விடத்திலேயே நின்றுவிடுகின்றது. அடுத்த வாரம் எல்லாம் பழைய நிலைக்கு மீள்கின்றன. நகைச்சுவை அதிகாரத்தைக் கண்டுகொள்கின்றது, அதனோடு மோதுவதில்லை.

மோதல் திரைக்கு வெளியே நேர்ந்தது. 2006 கோடையிலே, கணக்காளர் மூவரைச் சுற்றிய பத்துக் குறுங்கதைகள் இணையத்துக்கென உருவாக்கப்பட்டன. அவை விளம்பரத்தின்பாற்பட்டவை என நிறுவனம் கருதியமையால் தமக்கு அவற்றுக்குரிய ஊதியம் கிடைக்கவில்லை என எழுத்தாளர்கள் தெரிவித்தனர். அதே குறுந்தொடர் 2007இல் எமி விருது பெற்றது. உழைப்பு விருதுக்குரியதாகவும் ஊதியத்துக்கு உரியதல்லாததாகவும் ஒரே வேளையில் மதிக்கப்பட்ட விந்தை இது. 2007 நவம்பர் 5இல் அமெரிக்க எழுத்தாளர் சங்கம் தொடங்கிய வேலைநிறுத்தத்தின் தலையாய பிரச்சினை, இணையம் முதலான புதிய ஊடகங்களிலே படைப்புகள் மறுபயன்பாட்டுக்கு உள்ளாகும்போது எழுத்தாளருக்கு உரிய பங்கு யாது என்பதாகும். 'த ஒபிஸ்' அப்பிரச்சினையின் நடமாடும் உதாரணமாக இருந்தது.

டானியல்ஸும் எழுத்தாளர்களும், எழுத்தாளராகவும் நடிகராகவும் இருந்தோரும் கலையக வாயிலிலே பதாகை ஏந்தி நின்றனர். தொடரின் தலைமைத் தயாரிப்பாளரே தம் தொடரின் வாயிலை மறித்து நின்றார் என்பது குறிப்பிடத்தக்கது. நடிகர் என்ற வகையிலே வேலைக்கு வரவேண்டிய ஒப்பந்தக் கடப்பாடு கரெலுக்கு இருந்தது. அவர் உடல்நலக் காரணம் கூறிப் படப்பிடிப்புக்கு வராதிருந்தார். முகாமையாளர் பாத்திரமின்றிப் படம்பிடிப்பதற்கு அதிகம் எஞ்சவில்லை. தயாரிப்பு விரைவிலேயே நின்றது. வேலைநிறுத்தம் 2008 பெப்ருவரி 12 வரை நீடித்தது. நான்காம் பருவம் சுருங்கியது. நிறுத்தத்துக்கு முன் எழுதி முடிக்கப்பட்டுக் காத்திருந்த இரவு விருந்து பற்றிய அங்கம் 2008 ஏப்ரல் 10இல் ஒளிபரப்பானது. தொடரின் மிகச் சிறந்த அங்கங்களுள் ஒன்றாக அது இன்றும் எண்ணப்படுகின்றது.

இந்நிகழ்ச்சியின் முன்னே குடும்பம் என்ற உருவகம் இருகூறாகப் பிரிகின்றது. வாயிலிலே நின்றோரையும் உள்ளே வர மறுத்தோரையும் இணைத்த பாசம் மெய்யானது. அது தோழமை என்ற பெயருக்குத் தகுதியானது. ஆனால் நிறுவனமும் இக்குடும்பத்தின் உறுப்பினர் என்ற எண்ணம் அந்த நூறு நாள்களிலே நிலைக்கவில்லை. மைக்கல் ஸ்கொற் களஞ்சியத்திலே செய்ய இயலாததை, அப்பாத்திரத்தை நடித்தவர் கலையகத்துக்கு வராதிருந்ததன் மூலம் செய்தார். தொடர் கற்பனையிலே எட்டாத இடத்தை அதனைச் செய்தவர்கள் வாழ்க்கையிலே எட்டினர் எனின் மிகையாகாது.

4. சொக்கலிங்கத்தின் மகள்

கேலிங்கின் இடம் தனியாக நோக்கற்பாலது. அவருடைய தந்தையார் தமிழர்; தாயார் வங்காளி. சொக்கலிங்கம் என்ற தந்தை பெயரின் சுருக்கமே கேலிங். இருபத்துநான்காம் வயதிலே அவர் எழுத்தாளர் அறைக்குள் நுழைந்தபோது அங்கிருந்த ஒரே பெண்ணும் வெள்ளையரல்லாத ஒரே எழுத்தாளரும் அவரே. நிறுவனம் பல்வகைமையை ஊக்குவிக்க வகுத்த திட்டமொன்றின் மூலம் தாம் சேர்க்கப்பட்டமை தமக்கு நெடுங்காலம் கூச்சத்தை அளித்தது என்று அவர் பின்னாளில் கூறியுள்ளார். டானியல்ஸுடன் அடிக்கடி வாதிட்டதைத் தமது நூலிலே மறையாது எழுதியுள்ளார். ஏனைய நினைவுகளிலே இணக்கமே மேலோங்கி நிற்க, அவருடையதிலே வேலை என்பது வாதமும் வாதத்தைத் தாங்கும் மனமும் என்று தெரிகின்றது. இருபதுக்கு மேற்பட்ட அங்கங்கள் அவர் பெயரிலே உள்ளன.

அவற்றுள் ஒன்று 2006 நவம்பர் 2இல் ஒளிபரப்பான தீபாவளி அங்கம். கெலியின் பெற்றோராக அதிலே தோன்றுவோர் கேலிங்கின் சொந்தப் பெற்றோரே. ஆயினும் பாத்திரத்தின் பெயர் கெலி கபூர். சொக்கலிங்கத்தின் மகள் எழுதி, சொக்கலிங்கம் தாமே திரையிலே வந்தும், அப்பெயருக்கு அங்கு இடமில்லை. அமெரிக்கப் பார்வையாளர் அறிந்திருக்கக் கூடிய பொதுவான இந்திய அடையாளமே அன்று சந்தையில் செல்லும் நாணயமாக இருந்தது. 2020இல் கேலிங் இணைந்து உருவாக்கிய இளைஞர் தொடரிலே நாயகியின் குடும்பம் தமிழ்க் குடும்பமாகவே வந்தது. ஏறத்தாழப் பதினையாயிரம் விண்ணப்பதாரரிலிருந்து அதற்குத் தெரிவு செய்யப்பட்டவர், இலங்கையிலிருந்து புலம்பெயர்ந்த தமிழ்ப் பெற்றோருக்குக் கனடாவிலே பிறந்த மைத்ரேயி ராமகிருஷ்ணன். இரு தொடர்களுக்குமிடையே கழிந்த பதினான்கு ஆண்டுகள், ஓர் எழுத்தாளர் தம் பெயரின் எஞ்சிய பகுதியை மீட்டெடுக்க எடுத்த காலம் எனலாம்.

இதனோடு சேர்த்து நோக்க வேண்டிய மற்றொன்றும் உண்டு. 'த ஒபிஸ்' எமி விருதுக்கு முன்மொழியப்பட்ட காலத்திலே, தயாரிப்பாளர் பட்டியலிலிருந்து தமது பெயரை நீக்க முற்பட்டனர் என்றும், தாம் எழுதியவற்றையும் தமது பங்களிப்பையும் விரித்துரைத்துக் கட்டுரை எழுதவும் ஏனைய தயாரிப்பாளரிடமிருந்து கடிதம் பெறவும் தமக்கு நேர்ந்தது என்றும் கேலிங் 2019இலே தெரிவித்தார். எவரும் தனியாகக் குறிவைக்கப்படவில்லை என்றும் பொதுவிதியே கடைப்பிடிக்கப்பட்டது என்றும் விருது வழங்கும் அமைப்பு மறுத்தது. அவர் தம் கூற்றிலிருந்து பின்வாங்கவில்லை. உழைத்தேன் என்பதற்கு உழைத்தவரே சான்று காட்ட வேண்டியிருந்தது என்ற அவரது அனுபவம், குடும்பக் கதையிலே ஏனையோர் கூறாத ஓர் அத்தியாயமாகும்.

5. நினைவுகூருவோர் யாவர்?

நினைவு நூல்களுள் எதனை எவ்வளவு நம்பலாம் என்பது அடுத்த வினா. போம்கார்ட்னர், சில்வர்மன் இருவரது நூல் உள்ளிருந்தோரின் நூல். கரெல், கிறசின்ஸ்கி, டானியல்ஸ், ஜேர்வைஸ் முதலானோர் தயக்கமின்றிப் பேசுவது அதன் பலம். எனினும் சில்வர்மன் 2007 முதல் 2009 வரை என்.பி.சி.யின் பொழுதுபோக்குப் பிரிவின் இணைத் தலைவராக இருந்தவர் என்பதை வாசகர் மறத்தலாகாது. வேலைநிறுத்தம் நடைபெற்றபோது அவர் இருந்த இடம் வாயிலுக்கு மறுபுறம். பிஷர், கின்சி ஆகியோரின் நூலும் ஒலித்தொடரும் அன்றாட வேலையின் நுணுக்கங்களை வேறெதனினும் சிறப்பாகத் தருகின்றன. நிறுவனம் எடுத்த முடிவுகளுக்கான காரணங்களை அங்கு தேடுவதிலே பயன் குறைவு. கிறீனின் நூல் வெளியாள் ஒருவர் தொகுத்தது. நடிகருக்கும் தயாரிப்பாளருக்கும் அப்பால், தொழில்நுட்பப் பணியாளரையும் அது பேசவைத்துள்ளது. அதன் தனிமதிப்பு இதுவே.

கரெலின் விலகல் இதனைத் தெளிவாக்குகின்றது. அவர் முதன்மைப் பாத்திரமாகத் தோன்றிய இறுதி அங்கம் 2011 ஏப்ரல் 28இல் ஒளிபரப்பானது. திரைப்பட வாய்ப்புகளும் குடும்பத்தோடு இருக்கும் விருப்புமே காரணங்கள் என்பது பொதுவாக நிலவிய எண்ணம். கிறீனின் நூலிலே வேறொரு விளக்கம் கிடைக்கின்றது. அவர் மேலும் சில ஆண்டுகள் தொடர ஆயத்தமாக இருந்தார் என்றும், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் அழைப்பு நிறுவனத்திடமிருந்து வரவில்லை என்றும் அங்கே சாட்சி கூறுவோர், சிகை அலங்காரம் செய்தவரும் ஒலிவாங்கிக் கோலைப் பிடித்தவருமாவர். நிறுவனத்தின் உரிமை கைமாறிக்கொண்டிருந்த காலம் அது. 2011 ஜனவரியிலே கொம்காஸ்ற் நிறுவனம் அதனைத் தன்வசமாக்கியது. நடிகரின் அருகிலே நாள்தோறும் நின்றவர்கள் அறிந்திருந்த செய்தி, எவரும் கேட்காததால் ஒன்பது ஆண்டுகள் அச்சேறாது கிடந்தது. அவர் விடைபெறும் அங்கத்திலே விமான நிலையத்தில் பாம் ஓடிவந்து அவரிடம் பேசுவதைப் படக்கருவி தொலைவிலிருந்து காட்டுகின்றது, சொற்கள் கேட்பதில்லை. அங்கு பேசப்பட்டது எழுதப்பட்ட வசனமன்று, சகநடிகரிடம் தாம் மெய்யாகவே விடைபெற்ற பேச்சு என்று பிஷர் கூறியுள்ளார். தொடரின் மிக உருக்கமான காட்சியாக அது போற்றப்படுகின்றது. அவ்வுருக்கத்துக்குப் பின்னே வராத ஓர் ஒப்பந்த அழைப்பு இருந்தது என்பதை அறிந்தபின், அதனைப் பழையபடி பார்க்க முடிவதில்லை.

நினைவுகள் இவ்வளவு பெருகியமைக்கும் பொருளியற் காரணம் உண்டு. 2020இல் அமெரிக்கரால் இணையவழியே மிக அதிகமாகப் பார்க்கப்பட்ட தொடர் 'த ஒபிஸ்' தான். நீல்சன் கணிப்பின்படி அவ்வாண்டு ஏறத்தாழ 5,700 கோடி நிமிடங்கள் அது பார்க்கப்பட்டது. அதனைத் தனது சொந்த இணையச் சேவைக்கு மீட்பதற்கு என்.பி.சி.யின் தாய் நிறுவனம் ஐந்தாண்டுக்கு 50 கோடி டொலர் ஒதுக்கியதாக 2019இலே அறிவிக்கப்பட்டது. இணையத்தில் வெளிவருவது வெறும் விளம்பரம் என்று 2006இல் கருதப்பட்டதையும் இத்தொகையையும் அருகருகே வைத்து நோக்கினால், வேலைநிறுத்தம் செய்தோர் எதனை முன்னுணர்ந்தனர் என்பது விளங்கும். நினைவு நூல்களும் அதே சந்தையிலேயே விற்பனையாகின்றன. இனிய நினைவுக்கு அங்கே விலை அதிகம். பெருந்தொற்றுக் காலத்திலே வீட்டுக்குள் அடைபட்டிருந்தோர் சகஊழியரோடு கூடியிருந்த அலுவலகத்தை ஏக்கத்தோடு பார்த்தனர். அவ்வேக்கத்துக்கு நூல்கள் தீனியாயின.

இதனால் அந்நூல்கள் பொய்யாகிவிடா. படைப்பை வெறும் சரக்கென்று தள்ளும் நோக்கு, அரைமணி நேரம் மேசையிலே சும்மா இருந்த நடிகர் கண்டடைந்த உண்மையை விளக்க வலியற்றது. படைப்பை மட்டுமே போற்றும் நோக்கு, பின்பக்க அறை ஏன் கட்டப்பட்டது என்று கேட்பதேயில்லை. இரண்டுக்குமிடையே நினைவு நூல்களை வாசிக்கும் முறையொன்று வேண்டப்படுகின்றது. யார் பேசுகின்றார், அவர் அன்று எந்த மேசையிலே இருந்தார், அவருடைய சம்பளத்தைத் தீர்மானித்தவர் யார், இன்னும் யாரிடம் கேட்கப்படவில்லை என்பன அம்முறையின் தொடக்க வினாக்கள்.

'த ஒபிஸ்' எழுப்பிய சிரிப்பு, பலர் ஓரிடத்திலே நெடுநேரம் சேர்ந்து உழைத்ததன் விளைவு. அவ்வுழைப்பு அவர்களிடையே நேசத்தை உண்டாக்கியது. அந்நேசம் 2007இல் ஒரு வாயிலின் முன்னே சோதிக்கப்பட்டுத் தேறியது. நினைவு நூல்கள் எதிர்காலத்துக்கு விட்டுச்செல்லும் செய்திகளுள் இதுவே பெறுமதியானது. அவற்றை எழுதியோர் விருந்து, விளையாட்டு, கண்ணீர் ஆகியவற்றைப் பற்றியே அதிகம் எழுதியுள்ளனர். ஒலிவாங்கிக் கோலைப் பிடித்தவரும் சிகை அலங்காரம் செய்தவரும் இன்னும் நெடுநேரம் பேசவைக்கப்பட வேண்டும். அந்நூல் வெளிவரும்போதுதான் இத்தொடரின் வரலாறு முழுமையடையும்.